இசை நூலகத்தின் ஆன்லைன் கேட்டலாக்கில் தேடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டா வேண்டும் என்று ஒரு இசை நூலகத்தின் ஆன்லைன் கேட்டலாக்கைத் திறக்கிறீர்கள். பெட்டியில் அந்தப் பெயரை அடித்து என்டர் தட்டினால் சிடிக்கள், ஆரம்ப மாணவர்களுக்கான எளிய வடிவங்கள், கிட்டாருக்கு மாற்றி எழுதியவை, பீத்தோவனைப் பற்றிய புத்தகங்கள் என்று ஒரு குவியல் வந்து விழும். உங்களுக்கு உண்மையில் தேவையான தொகுதி, அதாவது பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களும் அடங்கியது, அந்தக் குவியலில் இல்லாமலே போகலாம். அந்தத் தொகுதியின் அட்டையிலும் சரி, கேட்டலாக் பதிவிலும் சரி, 'மூன்லைட்' என்ற சொல் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தப் பெயரை வைத்தது பீத்தோவன் அல்ல, பின்னால் வந்தவர்கள். 1802இல் அச்சான பதிப்பில் அது ஃபேன்டசியைப் போன்ற ஒரு சொனாட்டா என்று இத்தாலிய மொழியில்தான் போட்டிருந்தது. நூலகமோ அதைத் தன் கணக்கில் 'சொனாட்டாஸ், பியானோ, நம்பர் 14, ஓபஸ் 27, நம்பர் 2, சி ஷார்ப் மைனர்' என்று எழுதி வைத்திருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்று, நூலகம் வைத்திருக்கும் பெயர் இன்னொன்று. இசை கேட்டலாக்கில் தேடத் தெரிவது என்றால் இந்த இரண்டாவது பெயரைக் கண்டுபிடிக்கத் தெரிவதுதான். அதற்கு ஒரே ஒரு சரியான பதிவு கிடைத்தால் போதும். அந்தப் பதிவுக்குள் இருக்கும் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டே அந்தப் படைப்பின் மற்றப் பிரதிகளுக்கெல்லாம் போய்விடலாம். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்த ஒரு பதிவைப் பிடிப்பதற்கும், பிடித்த பிறகு அதை முழுதாகப் பயன்படுத்துவதற்கும்தான்.

தேடுசொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கேட்டலாக்கில் அவற்றை ரோமன் எழுத்தில் அடிக்க வேண்டும்.

முதல் படி: என்ன வடிவம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

புத்தகம் தேடும்போது இந்தக் கேள்வி எழுவதில்லை. இசையில் இதுதான் முதல் கேள்வி. ஒரே ஆபரா, அதாவது இசை நாடகம், நூலகத்தில் ஐந்தாறு உருவங்களில் இருக்கும். ஃபுல் ஸ்கோர் என்பது எல்லாக் கருவிகளின் வரிகளும் எல்லாக் குரல்களின் வரிகளும் ஒரே பக்கத்தில் அடுக்கியிருக்கும் பெரிய பிரதி. நடத்துநர் முன்னால் வைத்துக்கொள்வது இதைத்தான். ஸ்டடி ஸ்கோர் அல்லது மினியேச்சர் ஸ்கோர் என்பது அதே உள்ளடக்கம், சின்ன அளவில், படித்துப் பார்க்க. வோக்கல் ஸ்கோரில் பாடகர்களின் வரிகள் முழுதாக இருக்கும், ஆர்கெஸ்ட்ரா மட்டும் பியானோவுக்குச் சுருங்கியிருக்கும். ஒத்திகைக்குப் போகும் பாடகருக்கு வேண்டியது இதுதான். பார்ட்ஸ் என்றால் ஒவ்வொரு கருவிக்காரருக்கும் தனித்தனித் தாள். லிப்ரெட்டோவில் சொற்கள் மட்டும், இசைக்குறிப்பு கிடையாது.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் முன்பதிவு செய்தவர்கள்தான் நூலகத்துக்கு வந்து ஏமாந்து திரும்புகிறார்கள். ஸ்ட்ரிங் குவார்டெட் வாசிக்க நான்கு பேர் காத்திருக்க, கையில் கிடைப்பது ஒரே ஒரு சின்ன ஸ்டடி ஸ்கோர். வயலின் கான்செர்ட்டோ பயிலும் மாணவருக்கு வேண்டியது வயலின் வரியும் பியானோ துணையும், கிடைப்பதோ ஆர்கெஸ்ட்ராவின் ஃபுல் ஸ்கோர். எனவே தேடலைத் தொடங்கும் முன்பே நான்கு விஷயங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: இசையமைத்தவர் யார், படைப்பின் எண் அல்லது தலைப்பு என்ன, எந்த வடிவம், எந்தக் கருவி அல்லது குரலுக்கு.

இரண்டாம் படி: இசையமைப்பாளரின் பெயரை நூலகம் எழுதும் விதத்தில் பிடியுங்கள்

பெரும்பாலான நூலகங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு எழுத்து வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் கீழேயே எல்லாவற்றையும் சேர்க்கின்றன. குடும்பப் பெயர் முதலில், பிறகு இயற்பெயர், பிறகு பிறப்பு இறப்பு ஆண்டுகள். சைக்காவ்ஸ்கி என்ற ரஷ்யர் இதற்கு நல்ல உதாரணம். ஆங்கிலப் பதிப்புகளில் அவர் பெயர் 'டீ'யில் (20ஆவது எழுத்து) தொடங்கும். ஜெர்மன் பதிப்புகளிலும் 'டீ'தான், ஆனால் அடுத்து வரும் எழுத்துகள் வேறு. ரஷ்ய எழுத்தை நேராக ரோமனில் மாற்றினால் 'சி'யில் தொடங்கும். ஹாண்டெலை ஜெர்மானியர்கள் புள்ளி வைத்த 'ஏ' போட்டு எழுதுவார்கள், ஆங்கிலேயர்கள் புள்ளி இல்லாமல்.

ஒழுங்காகப் பராமரிக்கப்படும் கேட்டலாக்கில் எந்த வடிவத்தை அடித்தாலும் சரியான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் 'பார்க்க' குறிப்புகள் இருக்கும். ஆனால் அவை பொதுவான ஒற்றைத் தேடல் பெட்டியில் பெரும்பாலும் வேலை செய்வதில்லை. 'பிரவுஸ்' அல்லது 'அகரவரிசையில் பார்' என்று ஒரு வசதி பெட்டிக்குப் பக்கத்திலோ மேம்பட்ட தேடல் பக்கத்திலோ ஒதுங்கியிருக்கும். அதில் ஆசிரியர் பெயர் என்பதைத் தேர்ந்தெடுத்துக் குடும்பப் பெயரை அடியுங்கள். பெயர்கள் வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை பதிவுகள் என்ற எண்ணிக்கையோடு. அதிக எண்ணிக்கை உள்ள வரிதான் நூலகத்தின் அங்கீகரித்த வடிவம். இந்த வசதியைப் பலர் திரும்பியே பார்ப்பதில்லை. இசைக்கு இதைவிடப் பயனுள்ள கருவி கேட்டலாக்கில் கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் நூலகத்தில் பிரவுஸ் வசதி இல்லை என்றால் வியாஃப் என்ற இலவசத் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். உலகின் பல தேசிய நூலகங்கள் அந்த மனிதரை எப்படி எழுதுகின்றன என்று ஒரே பக்கத்தில் காட்டும். பாக் குடும்பம் போல ஒரே குடும்பப் பெயரில் பல இசையமைப்பாளர்கள் உள்ள இடத்தில் ஆண்டுகள்தான் உங்களைக் காப்பாற்றும். 1685–1750 யொஹான் செபாஸ்டியன். 1714–1788 அவர் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல்.

மூன்றாம் படி: தலைப்பு. இங்கே பொறுமை வேண்டும்

ஒரு படைப்பு நூறு பதிப்பாளர்களால் நூறு தலைப்புகளில் வரும். அவற்றையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்க நூலகர்கள் ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு நிலையான தலைப்பை வைத்திருக்கிறார்கள். பதிவில் அட்டைத் தலைப்புக்கு மேலேயோ, தனியாக வேறொரு வரியிலோ, சில இடங்களில் சதுர அடைப்புக்குள்ளோ அது தெரியும். அது உருவாகும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

சொனாட்டா, சிம்ஃபொனி, கான்செர்ட்டோ, குவார்டெட் என்று வகையின் பெயரே தலைப்பாக இருந்தால், அந்த இசையமைப்பாளர் அந்த வகையில் ஒன்றுக்கு மேல் எழுதியிருக்கும் பட்சத்தில் பன்மையில் வரும். அதன் பின் கருவி, வரிசை எண், ஓபஸ் எண் (படைப்பு வெளியாகும்போது அதற்குத் தரும் எண்), ஸ்ருதி. பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபொனி 'சிம்ஃபொனீஸ், நம்பர் 5, ஓபஸ் 67, சி மைனர்' ஆகிவிடும். பன்மைக்கான அந்தக் கடைசி எழுத்தை விட்டுவிட்டால் பிரவுஸ் பட்டியலில் நீங்கள் இறங்கும் இடமே மாறிவிடும்.

தனிப் பெயருள்ள படைப்பு என்றால் பெரும்பாலும் மூலமொழிப் பெயர்தான் நிலையான தலைப்பு. அதிலும் முதலில் வரும் 'தி', 'டெர்', 'டி', 'லா', 'லெ' போன்ற சின்னச் சொற்களை விட்டுவிடுவார்கள். மோட்சார்ட்டின் மேஜிக் ஃப்ளூட்டை 'சாவ்பர்ஃப்ளோட்டே' என்ற ஜெர்மன் பெயரில்தான் தேட வேண்டும், முன்னால் வரும் 'டி'யை விட்டுவிட்டு. ஸ்ட்ராவின்ஸ்கியின் ரைட் ஆஃப் ஸ்பிரிங் 1913இல் பாரிஸில் பிரெஞ்சுப் பெயரோடு அரங்கேறியது. ஆனாலும் பல அமெரிக்க நூலகங்களில் அது ரஷ்யப் பெயரின் கீழ் 'வெஸ்னா' என்று 'வி' வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

விவால்டியின் ஃபோர் சீசன்ஸ் இன்னும் சுவாரசியமானது. அந்த நான்கு கான்செர்ட்டோக்களும் 1725இல் ஓபஸ் 8 என்று வெளியான பன்னிரண்டு கான்செர்ட்டோக்களின் முதல் நான்கு. தொகுப்பின் பெயர் 'இல் சிமென்டோ டெல்லார்மோனியா எ டெல்லின்வென்ட்சியோனே'. பல நூலகங்களில் ஃபோர் சீசன்ஸின் நிலையான தலைப்பு 'சிமென்டோ' என்றுதான் தொடங்கி, கடைசியில் 'நம்பர் 1–4' என்று முடியும். இதை யாரும் ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பதிவைத் திறந்து பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

நிலையான தலைப்பின் வாலில் வரும் சொற்களையும் பாருங்கள். 'செலெக்‌ஷன்ஸ்' என்றால் முழுப் படைப்பும் அதில் இல்லை. 'வோக்கல் ஸ்கோர்' என்றால் வடிவம் சொல்லிவிட்டது. 'இங்கிலிஷ்' என்று மொழிப் பெயர் இருந்தால் பாடல் வரிகள் மொழிபெயர்ப்பு. 'அரேஞ்ச்டு' அல்லது அதன் சுருக்கம் இருந்தால் மூலக் கருவிக்கு எழுதியது அல்ல, மாற்றி அமைத்தது. மூல வடிவம் மட்டும் வேண்டுமானால் தேடலில் 'வேண்டாம்' என்று பொருள்படும் 'நாட்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டு இந்தச் சொல்லை விலக்கிவிடலாம். குவியல் சட்டென்று பாதியாகக் குறையும்.

நான்காம் படி: பெயரைவிட எண்ணை நம்புங்கள்

முடிந்த இடத்திலெல்லாம் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். எண்ணுக்கு மொழி கிடையாது. ஜெர்மன் பதிப்பிலும் ஜப்பானியப் பதிப்பிலும் 27 என்பது 27தான்.

பீத்தோவனுக்கு ஓபஸ் எண், ஓபஸ் கிடைக்காதவற்றுக்கு 'டபிள்யூ.ஓ.ஓ.' எண். ஃபர் எலிஸ் அந்த வரிசையில் 59. பாக்குக்கு 'பி.டபிள்யூ.வி.' எண், வொல்ஃப்காங் ஷ்மீடர் 1950இல் தொகுத்தது. அது காலவரிசை அல்ல, வகைவாரியாக அடுக்கியது, அதனால் அக்கம்பக்கத்து எண்களும் உங்களுக்குப் பயன்படும்: தனி வயலினுக்கானவை 1001 முதல் 1006, தனி செல்லோவுக்கானவை 1007 முதல் 1012. மோட்சார்ட்டுக்கு 'கே.' எண், லுட்விக் ஃபான் கோஹெல் 1862இல் முதலில் வெளியிட்டது. ஷூபர்ட்டுக்கு 'டி.', ஹைடனுக்கு 'ஹோப்.', விவால்டிக்கு 'ஆர்.வி.', ஹாண்டெலுக்கு 'எச்.டபிள்யூ.வி.'

எண்ணிலும் சில பொறிகள் உண்டு. கோஹெல் பட்டியல் பிற்பாடு திருத்தப்பட்டபோது சில படைப்புகளுக்கு இரண்டாவது எண் வந்து சேர்ந்தது. ஏ மைனர் பியானோ சொனாட்டா 310 என்றும் இருக்கும், 300டி என்றும் இருக்கும். 'கே.' என்ற எழுத்தையே டொமெனிகோ ஸ்கார்லாட்டியின் 555 சொனாட்டாக்களுக்கு ரால்ஃப் கர்க்பாட்ரிக் 1953இல் கொடுத்த எண்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். எனவே எண்ணோடு இசையமைப்பாளர் பெயரையும் கட்டாயம் சேருங்கள்.

சிம்ஃபொனிகளின் வரிசை எண்ணை மட்டும் தனியாக நம்ப வேண்டாம். ட்வொர்ஷாக்கின் நியூ வேர்ல்ட் இன்று ஒன்பதாவது. பழைய பதிப்புகளில் அது ஐந்தாவது. ஷூபர்ட்டின் பெரிய சி மேஜர் சிம்ஃபொனி பதிப்பைப் பொறுத்து 7, 8, 9 என்று மூன்று விதமாக அச்சாகியிருக்கிறது. நியூ வேர்ல்டுக்கு ஓபஸ் 95, ஷூபர்ட்டின் சிம்ஃபொனிக்கு டி. 944 என்று போட்டால் குழப்பமே இல்லை.

உங்கள் படைப்பின் எண் தெரியவில்லையா? கேட்டலாக்குக்குப் போகும் முன் ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் அந்தப் படைப்பின் பக்கத்தைத் திறந்தால் எண், ஸ்ருதி, மாற்றுத் தலைப்புகள், பகுதிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கும். 2006இல் தொடங்கிய தளம் அது. ஸ்கோர் இறக்கப் போகிறவர்கள்தான் அதிகம், தேடலுக்கு முன்னால் தகவல் சேகரிக்கவும் அதைவிட வசதியான இடம் இல்லை.

ஐந்தாம் படி: பெட்டியில் என்ன அடிப்பது

இப்போது தேடலாம். மேம்பட்ட தேடல் பக்கத்துக்குப் போங்கள். ஆசிரியர் கட்டத்தில் 'பீத்தோவன்', தலைப்புக் கட்டத்தில் 'சொனாட்டாஸ் பியானோ 27', வகையில் 'ஸ்கோர்' அல்லது 'அச்சிட்ட இசை'. இவ்வளவுதான். ஸ்ருதியை முதல் முயற்சியில் சேர்க்காதீர்கள். ஷார்ப் குறியைச் சில கேட்டலாக்குகள் குறியாகவும் சில சொல்லாகவும் வைத்திருக்கும். ஏ மேஜரில் உள்ள அந்த 'ஏ'வை ஆங்கிலச் சுட்டுச்சொல் என்று நினைத்துத் தூக்கி எறியும் தேடல் நிரல்களும் உண்டு.

அதிகம் வந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். குறைவாக வந்தால் நட்சத்திரக் குறியைக் கொண்டு வாருங்கள். 'சொனாட்' என்பதற்கு ரோமன் எழுத்தில் எஸ், ஓ, என், ஏ, டீ என்று ஐந்தெழுத்தோடு நிறுத்தி நட்சத்திரம் போட்டால் ஆங்கிலம், இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு வடிவங்கள் ஒருமையிலும் பன்மையிலும் வந்துவிடும். சொனாட்டினாவும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சிம்ஃபொனிக்கு இது போதாது. இத்தாலியத்திலும் ஜெர்மனிலும் 'சின்ஃபொ' என்று எழுத்து மாறும். எனவே இரண்டையும் 'அல்லது' என்று பொருள்படும் 'ஆர்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டு இணைக்க வேண்டும். கான்செர்ட்டோவுக்கும் அப்படியே: ஜெர்மன் பதிப்பில் அது 'கே'யில் தொடங்கும். குவார்டெட்டுக்கு நட்சத்திரம் போட்டாலும் பிரெஞ்சு வடிவம் சிக்காது, ஏனென்றால் அதில் 'ஆர்' எழுத்து இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

ஆறாம் படி: ஒரு பதிவை வரிவரியாகப் படியுங்கள்

தேடியது கிடைத்துவிட்டது என்று உடனே முன்பதிவுப் பொத்தானை அழுத்த வேண்டாம். முழுப் பதிவையும் திறங்கள். குவார்டெட் ஒன்றின் பதிவில் உருவ விவரம் என்ற வரி இப்படி இருக்கலாம்: '1 ஸ்கோர் (64 பக்கம்), 4 பார்ட்ஸ், 31 செ.மீ.' இந்த ஒரு வரியில் எவ்வளவு செய்தி பாருங்கள். நான்கு பார்ட்ஸ் இருப்பதால் வாசிக்கலாம். 31 செ.மீ. உயரம் என்பதால் ஸ்டாண்டில் வைத்து வாசிக்கும் அளவு. இதே வரி '1 ஸ்டடி ஸ்கோர் (64 பக்கம்), 19 செ.மீ.' என்று இருந்தால் அது கையில் பிடித்துப் படிக்கும் சின்னப் புத்தகம், வாசிக்க உதவாது. வடிவத்தைத் தெளிவாகச் சொல்லாத பழைய பதிவுகளில் கூட உயரம் எழுதியிருப்பார்கள். சந்தேகம் வந்தால் சென்டிமீட்டரைப் பாருங்கள்.

அடுத்து குறிப்புகள் பகுதி. பாடல் என்றால் எந்த மொழிச் சொற்கள் இசைக்குக் கீழே அச்சாகியிருக்கின்றன என்று அங்கேதான் இருக்கும். பழைய பதிப்பின் மறு அச்சு என்றால் 'முதலில் வெளியானது' என்று ஆண்டு போட்டிருக்கும். 2005 என்று வெளியீட்டு ஆண்டு பார்த்து, புதிய ஆய்வுப் பதிப்பு என்று நினைத்து எடுப்பதற்கு முன் இந்த வரியைப் பாருங்கள். நூறாண்டுக்கு முந்தைய பதிப்பின் நகலாகவும் அது இருக்கலாம். வாசிக்க எடுக்கும் நேரம், பதிப்பாளர் எண் ஆகியவையும் இங்கே கிடைக்கும்.

பதிப்பாளர் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இசை ஆசிரியர் 'ஹென்லே பதிப்பகத்தின் இந்த எண்' என்று சொல்லி அனுப்பியிருந்தால் அந்த எண்ணையே மேம்பட்ட தேடலில் 'பதிப்பாளர் எண்' கட்டத்தில் போடலாம். ஐ.எஸ்.எம்.என். இருந்தால் இன்னும் துல்லியம். இசைத்தாள்களுக்கென்று உள்ள அடையாள எண் அது, 1993இல் வந்தது. முதலில் 'எம்' எழுத்தில் தொடங்கியது, 2008 முதல் 13 இலக்கம், 979-0 என்று தொடங்கும். பழைய பதிப்பைத் தேடும்போது இரண்டு வடிவத்தையும் முயன்று பாருங்கள்.

இப்போது அந்தப் பதிவில் நீல நிறத்தில் இருக்கும் இணைப்புகளுக்கு வாருங்கள். நிலையான தலைப்பைச் சொடுக்கினால் அதே படைப்பின் எல்லாப் பதிப்புகளும். இசையமைப்பாளர் பெயரைச் சொடுக்கினால் அவருடைய எல்லாமும். பொருள் தலைப்பைச் சொடுக்கினால் அதே கருவிச் சேர்க்கைக்கு மற்றவர்கள் எழுதியவை. உங்கள் சொந்த ஊகத்தில் அடித்த தேடுசொற்களை இந்த இடத்தில் தைரியமாக விட்டுவிடலாம். இனி நூலகத்தின் சொற்களிலேயே போகலாம்.

ஏழாம் படி: தொகுதிகளுக்குள் ஒளிந்திருப்பவை

தனியாக அச்சான பிரதி இல்லை என்பதால் படைப்பே நூலகத்தில் இல்லை என்று முடிவு கட்டுபவர்கள் ஏராளம். இசையில் பெரும்பகுதி தொகுதிகளுக்குள்தான் இருக்கிறது. மேஜிக் ஃப்ளூட்டில் வரும் இரவு ராணியின் பாடல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். ஒன்று, முழு ஆபராவின் வோக்கல் ஸ்கோர், அதில் கட்டாயம் இருக்கும். இரண்டு, சோப்ரானோ பாடல்களின் தொகுப்புகள். இவற்றின் பதிவில் 'உள்ளடக்கம்' என்ற குறிப்பில் பாடலின் முதல் வரி இருந்தால் பொதுத் தேடல் பெட்டியில் சிக்கும், தலைப்புக் கட்டத்தில் சிக்காமலும் போகலாம். அதனால் தனிப் பாடல்களுக்கு மட்டும் எப்போதும் பொதுப் பெட்டியையே பயன்படுத்துங்கள். மூலமொழியில் முதல் வரியின் இரண்டு மூன்று சொற்கள் போதும், இங்கே 'ஹோல்லே ராஹே'. மூன்று, இசையமைப்பாளரின் முழுப் படைப்புகளின் பெரும் தொகுதி வரிசை.

மூன்றாவது வகைதான் மிக அதிகமாக விடுபடுவது. பல நூலகங்கள் நூற்றுக்கு மேற்பட்ட தொகுதிகள் கொண்ட வரிசைக்கும் ஒரே ஒரு பதிவு போட்டு நிறுத்தியிருக்கும். உள்ளே எந்தத் தொகுதியில் என்ன இருக்கிறது என்று கேட்டலாக்குக்கே தெரியாது. ஆசிரியர் கட்டத்தில் இசையமைப்பாளர், தலைப்புக் கட்டத்தில் 'ஒர்க்ஸ்' என்று தேடுங்கள். அந்த வரிசை நூலகத்தில் இருப்பது உறுதியானால், வரிசையின் பொருளடக்கத்தை வேறிடத்தில் பார்த்துத் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு போகலாம். மோட்சார்ட்டின் புதிய முழுப் பதிப்பைச் சால்ஸ்பர்க்கின் மோட்சார்ட்டியம் இணையத்தில் இலவசமாகவே திறந்து வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே பக்கத்தைப் பார்த்துவிடலாம்.

எட்டாம் படி: படைப்பு தெரியாமல் கருவியை மட்டும் வைத்துத் தேடுவது

'ஃப்ளூட், வியோலா, ஹார்ப் மூன்றுக்கும் சேர்த்து என்ன இருக்கிறது?' இந்த மாதிரிக் கேள்விக்குப் பொருள் தலைப்புதான் வழி. இதில் ஒருமை பன்மை முக்கியம். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் என்ற பெரிய நூலகத்தின் முறையில் 'ஆபரா' என்று ஒருமையில் இருந்தால் ஆபராவைப் பற்றிய புத்தகங்கள், 'ஆபராஸ்' என்று பன்மையில் இருந்தால் ஆபரா ஸ்கோர்கள். ஸ்கோர்தான் வேண்டும் என்பவர் 'ஹிஸ்டரி அண்ட் கிரிட்டிசிஸம்' என்ற வால் உள்ள தலைப்புகளைத் தாண்டிப் போகலாம். அவை ஆய்வு நூல்கள்.

இப்போது நிறைய கேட்டலாக்குகளில் ஓரத்தில் கருவிவாரியாக வடிகட்டும் வசதி வந்திருக்கிறது. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் கருவிகளுக்கும் குரல்களுக்கும் தனிச் சொற்களஞ்சியம் வெளியிட்டது 2014இல், இசை வகைகளுக்கு 2015இல். அதற்கு முன் செய்த பதிவுகள் பலவற்றில் இந்த விவரம் இன்னும் ஏறவில்லை. வடிகட்டியைத் தட்டியதும் பழைய ஸ்கோர்கள் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். வடிகட்டியில் ஒரு முறை, பொருள் தலைப்பில் ஒரு முறை என்று இரண்டு வழியிலும் பாருங்கள்.

ஒலிப்பதிவுகளுக்கு

சிடி, இசைத்தட்டு ஆகியவற்றில் படைப்பைவிட வாசித்தவர் பெயர் முக்கியமாக இருக்கும். வாசித்தவர், நடத்துநர், ஆர்கெஸ்ட்ரா எல்லாரும் ஆசிரியர் கட்டத்திலேயே தேடக்கூடியவர்கள்தான். உறையின் முதுகில் இருக்கும் லேபிள் எண்ணைப் பதிப்பாளர் எண் கட்டத்தில் போடலாம், இடைவெளியோடும் இடைவெளி இல்லாமலும்.

தமிழ் முதலிய மொழி நூல்கள்

கர்நாடக இசை நூல்களையும் தமிழிசைப் பாடல் தொகுப்புகளையும் வெளிநாட்டு நூலகங்களில் தேடும்போது நாம் வழக்கமாக எழுதும் ஆங்கில எழுத்துக்கூட்டல் உதவாது. அங்கே ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரு ரோமன் எழுத்து என்று நிலையான பெயர்ப்பு முறை இருக்கிறது. உச்சரிப்பு எப்படி மாறினாலும் எழுத்து மாறாது. 'ச' எப்போதும் 'சி' என்ற ஆங்கில எழுத்து, எனவே 'இசை' என்பதை ஐ, சி, ஏ, ஐ என்று அடிக்க வேண்டும், எஸ் போட்டால் கிடைக்காது. 'பாடல்' என்பதில் 'ட'வுக்கு 'டி' எழுத்து அல்ல, அடியில் புள்ளி வைத்த 'டீ' (20ஆவது எழுத்து). 'ழ'வுக்கு நாம் போடும் இசட்-எச் கிடையாது, அடிக்கோடிட்ட 'எல்'. ஒற்று இரட்டித்தால் ரோமனிலும் இரட்டிக்கும். மேலே கீழே வரும் கோடுகளையும் புள்ளிகளையும் அடிக்கத் தேவையில்லை, பெரும்பாலான கேட்டலாக்குகள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. தமிழ் எழுத்திலேயே அடித்தும் ஒரு முறை பாருங்கள். புதிய பதிவுகளில் தமிழ் எழுத்தும் சேர்த்திருப்பார்கள்.

தியாகராஜரைத் தேடும்போது 'டீ'க்குப் பின் 'எச்' போடாத வடிவத்தையும் முயலுங்கள், கூடவே 1767–1847 என்ற ஆண்டுகளைச் சரிபாருங்கள். தனிக் கீர்த்தனையின் பெயரில் தேடிப் பயன் அரிது. தொகுப்பின் பெயரிலோ தொகுப்பாசிரியர் பெயரிலோ போவதே வேகம்.

ஒன்பதாம் படி: அலமாரிக்குப் போகும் முன்

அழைப்பு எண்ணைப் பார்த்தாலே என்ன பொருள் என்று சொல்லிவிடலாம். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வகைப்பாட்டில் 'எம்' என்றால் இசைத்தாள், 'எம்.எல்.' என்றால் இசையைப் பற்றிய நூல், 'எம்.டீ.' என்றால் பயிற்சியும் கற்பித்தலும். எம் 23 பியானோ சொனாட்டாக்கள், எம் 452 ஸ்ட்ரிங் குவார்டெட்கள், எம் 1500 ஆபரா ஃபுல் ஸ்கோர், எம் 1503 வோக்கல் ஸ்கோர். இசையமைப்பாளர்களின் வாழ்க்கை வரலாறு எம்.எல். 410. டூயி என்ற இன்னொரு வகைப்பாட்டு முறையில் எல்லாம் 780களில்: 786.2 பியானோ, 787.2 வயலின். ஒரு எண் கிடைத்தால் கேட்டலாக்கிலேயே 'அழைப்பு எண் வரிசையில் பார்' என்று போய் பக்கத்து எண்களையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் இருப்பு விவரம். வெளிக் கிடங்கில் என்றால் வரவழைக்க நாள் ஆகும். 'நூலகத்துக்குள் மட்டும்' என்றால் எடுத்துச் செல்ல முடியாது. பார்ட்ஸில் ஒன்று காணவில்லை என்றால் அதையும் அங்கே எழுதியிருப்பார்கள்.

எங்குமே கிடைக்கவில்லை என்றால்

உங்கள் நூலகத்தில் இல்லை என்று தெரிந்த பிறகு வேர்ல்ட்கேட்டில் தேடுங்கள். பல நாட்டு நூலகங்களின் பதிவுகள் அதில் ஒன்றாக இருக்கின்றன. அங்கே கிடைத்த பதிவின் விவரத்தைக் கொண்டு நூலகங்களுக்கு இடையிலான கடன் கேட்கலாம். கையெழுத்துப் பிரதியோ மிகப் பழைய அச்சோ என்றால் ரிஸ்ம். 1952இல் தொடங்கிய சர்வதேசத் திட்டம் அது, அதன் கேட்டலாக் இலவசம். ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு சுருக்கக் குறி வைத்திருக்கிறார்கள், நாட்டின் எழுத்து முதலில், நகரமும் நூலகமும் பிறகு. ரிஸ்மில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு வசதி: படைப்பின் பெயரே தெரியாவிட்டாலும் தொடக்கத்தில் வரும் சில ஸ்வரங்களை உள்ளிட்டுத் தேடலாம். பெயரில்லாத கையெழுத்துப் பிரதி யாருடையது என்று அடையாளம் காண ஆய்வாளர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

கேட்டலாக்கில் ஏறாத பொருள்களும் பழைய நூலகங்களில் உண்டு. அட்டைப் பெட்டிகளில் இருந்த பழைய கார்டுகள் முழுவதும் கணினிக்கு மாறாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே இசை நூலகருக்கு நேரடியாக எழுதுவதே வழி. எழுதும்போது இசையமைப்பாளரின் பெயரையும் ஆண்டுகளையும், படைப்பின் எண்ணையும், வேண்டிய வடிவத்தையும், எந்த மொழிச் சொற்கள் என்பதையும், இதுவரை எந்தெந்தச் சொற்களால் தேடினீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். கடைசி விவரம் இருந்தால் அவர் நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.